நெற்றிப்பட்டியும் கைவேலையின் விலையும்



எங்கள் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடிந்து போகும் விருந்துகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் 'இருபதுகளின் பாணி' என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. 2013இல் 'த கிரேட் கற்ஸ்பி' திரைப்படம் வெளிவந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. மணி தைத்த சட்டை, நெற்றியைச் சுற்றி ஒரு மின்னும் பட்டி, காதுக்கு மேலே ஓர் இறகு. இந்தப் பட்டியைக் கையால் செய்வது எப்படி, செய்த கைக்கு என்ன விலை கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. முதலாம் உலகப்போர் முடிந்த பின் மேற்கு நாடுகளில் இளம்பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் குட்டையாக விட்டார்கள். 'ஃபிளாப்பர்' என்று அவர்களை அழைத்தார்கள். கொண்டை இல்லாத தலையில் கொண்டை ஊசிக்கும் பெரிய சீப்புக்கும் என்ன வேலை? ஆகவே பகலில் தலையோடு ஒட்டிய தொப்பி, இரவில் நெற்றிப்பட்டி என்று அணிகலன் மாறியது. மொன்றியலுக்கும் இதில் பங்கு உண்டு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. கியூபெக்கிலோ 1921 முதல் அரசே மது விற்றது. அதனால் அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். நடன விடுதிகள் பெருகின. ஜமெய்க்காவில் பிறந்து ரயிலில் சுமை தூக்கும் பணியாளராக இருந்த ரூஃபஸ் றொக்ஹெட், 1928இல் சென்ற் அன்ரவான் வீதி மூலையில் திறந்த 'றொக்ஹெட்ஸ் பரடைஸ்' என்ற ஜாஸ் விடுதி பல காலம் பெயர் பெற்றிருந்தது.

இந்த நெற்றிப்பட்டி எங்களுக்கு அந்நியமான பொருள் என்று நினைக்க வேண்டாம். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியையும் சூரியப்பிறை, சந்திரப்பிறையையும் நினைத்துப் பாருங்கள். பிற்காலத்தில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயின் மனைவியாக வந்த எட்வினா மவுண்ட்பேட்டன், 1928இல் கார்ட்டியே நிறுவனத்தின் நெற்றிப்பட்டி ஒன்றை வாங்கினார். இலை வடிவில் செதுக்கிய மாணிக்கமும் மரகதமும் நீலமும் பதித்த இந்தியப் பாணி நகை அது. இப்போது லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தையலும் அப்படித்தான். சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் ஆரி வேலை, 18ஆம் நூற்றாண்டில் எங்கள் பக்கத்திலிருந்து பிரான்சுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லூனெவில் என்ற ஊரில் அதே கொக்கியால் மணி தைக்கப் பழகினார்கள். இருபதுகளின் மணிச்சட்டைகள் அந்த வழியில் வந்தவை. ஆரி வேலை தெரிந்த சகோதரிகளுக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

இனிச் செய்முறை. புருவத்துக்குச் சற்று மேலாகத் தலையைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 58 சென்றிமீற்றர் வரும். அதில் 12 சென்றிமீற்றரைக் கழித்து, மிச்ச நீளத்துக்கு, 4 சென்றிமீற்றர் அகலத்தில் பட்டியை வரையுங்கள். கழித்த இடம் பின்னால் வரும் இலாஸ்ரிக்குக்கு. மேலே வெல்வெற் அல்லது சற்றின், நடுவில் விறைப்பான கன்வஸ், உள்ளே மெல்லிய பருத்தித் துணி. உள்துணியைக் கடைசியில்தான் தைக்க வேண்டும். மணி தைத்த முடிச்சுகள் அதற்குள் மறைந்தால்தான் நெற்றியை உரசாது.

நூலை மெழுகில் இழுத்து எடுங்கள். குழாய் மணியின் விளிம்பு கூரானது. நூலை மெல்ல மெல்ல அறுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு குழாய் மணியின் இரு பக்கமும் ஒரு சிறிய உருண்டை மணி கோருங்கள். ஐந்தாறு மணிக்கு ஒரு தடவை பின்பக்கம் முடிச்சுப் போட்டால், நடனத்தில் நூல் அறுந்தாலும் நாலு மணிதான் உதிரும். இறகைப் பசையால் மட்டும் ஒட்டாமல், தண்டை நூலால் சுற்றித் தைத்து, அதன்மேல் கல் பதித்த வட்டத்தை வையுங்கள். இலாஸ்ரிக்கை அதே துணியில் தைத்த உறைக்குள் விட்டால் தலைமயிர் சிக்காது.

இறகு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்தில் வெண்கொக்கின் இறகு எடைக்கு எடை தங்கத்தையும் மிஞ்சிய விலைக்குப் போனது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் தாய்ப்பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அதன் பிறகே 1916இல் கனடாவுக்காகப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் பறவைகளைக் காக்கும் ஒப்பந்தம் செய்தன. கனடாவின் சட்டம் 1917இல் வந்தது. ஆகையால் ஆற்றங்கரையில் கிடக்கும் கடற்காகத்தின் இறகையோ நாரையின் இறகையோ எடுத்து வந்து தைத்து விற்கக் கூடாது. இந்தியாவிலிருந்து மயிலிறகை ஏற்றுமதி செய்வதற்கும் தடை உண்டு. பண்ணையில் வளர்க்கும் தீக்கோழி, சேவல் ஆகியவற்றின் சாயமிட்ட இறகுகள் போதும்.

இப்போது விலைக்கு வருவோம். கூந்தல் குட்டையானபோது அமெரிக்காவில் லெமின்ஸ்டர் என்ற ஊரில் சீப்புத் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. ஒரு நாகரிகம் மாற, ஓர் ஊரே வேலை இழந்தது. எங்களுக்கும் அது நடந்தது. 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின், ஷபனெல் வீதித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. நானும் அங்கே பன்னிரண்டு வருடம் தைத்தவள். 'உருப்படிக்கு இத்தனை சதம்' என்று கணக்குப் பார்த்தே பழகிய கைகள் எங்களுடையவை. அதனால்தான் இன்றைக்கும் ஒரு சகோதரி ஆறு மணித்தியாலம் குனிந்திருந்து செய்த பட்டியை இருபது டொலருக்குக் கொடுத்துவிட்டு, "சும்மா இருந்த நேரம்தானே" என்கிறாள்.

கணக்கைப் பாருங்கள். கியூபெக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 மே முதலாம் திகதி மணித்தியாலத்துக்கு 16 டொலர் 10 சதமாக உயர்ந்தது. ஆறு மணித்தியாலத்துக்கு 96 டொலர் 60 சதம். மணி, துணி, இறகுக்கு 12 டொலர் என்றால் மொத்தம் 108 டொலர் 60 சதம். இருபது டொலரில் பொருட்செலவு போனால் மிஞ்சுவது எட்டு டொலர். மணித்தியாலத்துக்கு ஒன்றரை டொலர்கூடத் தேறாது. இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். விருந்துக்கு ஒரு நாள் போட்டுவிட்டு எறிபவர்கள் வாங்க மாட்டார்கள். அவர்களுக்காக நாங்கள் செய்யவும் தேவையில்லை. பிளாஸா சென்ற் உய்பேரில் திருமண உடைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பின்பக்கத் தையலையும் திருப்பிக் காட்டுங்கள். தைத்த மணித்தியாலத்தை ஒரு தாளில் எழுதி விலையோடு கொடுங்கள். விலையைக் குறைக்கச் சொன்னால் மணிகளைக் குறைத்து எளிய பட்டி ஒன்றைக் காட்டுங்கள். உங்கள் மணித்தியாலத்தின் பெறுமதியைக் குறைக்காதீர்கள்.

பெற்ற பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இனாமாகச் செய்து கொடுங்கள், அது வேறு. அப்போதும் எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அம்மாவின் கை என்ன செய்யும் என்பதை அவர்களும் அறிய வேண்டும்.