நண்பனுக்கு நிழல் கொடுங்கள்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருநாமத்தால் துவங்குகிறேன். எல்லாப் புகழும் அவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இளைஞர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கடற்கரைச் சாலை என்று கிளம்பிவிடுகிறார்கள். நண்பனிடம் பழைய ஜீப் ஒன்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதன் துணிக்கூரையைக் கழற்றிவிட்டு, அக்னி நட்சத்திர வெயிலிலும் காற்று முகத்தில் அறைய இருவராகப் புறப்பட்டுவிடுகிறார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பும் தாய், அவர்கள் திரும்பி வரும்வரை தொழுகை விரிப்பிலேயே அமர்ந்திருக்கிறாள்.

இந்த ஆசையை ஹராம் என்று சொல்ல நாம் வரவில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அல்லாஹ் தன் அருளாக நினைவூட்டும் அத்தியாயம் ஒன்றே உண்டு (106). நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுடும் வெயிலில் நண்பனை அழைத்துச் செல்லும் ஒருவர், அந்த நண்பனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்?

பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது, ஆகவே வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்ற அரபுச் சொல்லின் வேரில் ‘வெளிப்படுத்துதல்’ என்ற பொருள் உண்டு. மனிதனின் மறைந்திருக்கும் குணங்களைப் பயணம் வெளியே கொண்டு வந்துவிடுகிறது என்று நம் இமாம்கள் விளக்கம் தருவார்கள். பசி, தாகம், களைப்பு, வெயில் ஆகிய நான்கும் சேரும்போது யார் நண்பன், யார் வெறும் கூட்டாளி என்பது தெரிந்துவிடும்.

பதின்மூன்று திர்ஹம் சேணம்

வெயிலில் இரு நண்பர்கள் சென்ற பயணங்களிலெல்லாம் தலைசிறந்தது ஹிஜ்ரத் பயணம். கி.பி. 622-இல் நடந்த அந்தப் பயணத்தை நாம் குகையோடும் சிலந்தி வலையோடும் நிறுத்திக்கொள்கிறோம். குகையிலிருந்து வெளியேறிய பிறகு நடந்த ஒரு நண்பகலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவர்களின் தந்தையிடமிருந்து அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒட்டகச் சேணம் ஒன்றைப் பதின்மூன்று திர்ஹத்திற்கு வாங்கினார்கள். அதைச் சுமந்து வர மகனை அனுப்புமாறு கேட்டபோது, ஹிஜ்ரத்தின்போது நடந்ததைச் சொன்னால்தான் அனுப்புவேன் என்று அந்தத் தந்தை அன்போடு பிடிவாதம் செய்தார். அப்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் விவரித்தது புகாரியில் பதிவாகியுள்ளது.

இரவு முழுவதும் பயணம் செய்து, மறுநாளும் தொடர்ந்தார்கள். உச்சிவெயில் ஏறியது. பாதையில் ஆள் நடமாட்டம் அற்றுப்போனது. எங்கேனும் நிழல் தென்படுகிறதா என்று அபூபக்ர் (ரலி) கண்களை ஓட்டினார்கள். ஒரு பாறை தெரிந்தது. அதன் அடியில் சிறிது நிழல் இருந்தது. அங்கே இறங்கி, தம் கையாலேயே தரையைச் சமப்படுத்தி, ஒரு தோல் விரிப்பை விரித்து, நபி (ஸல்) அவர்களை உறங்கச் சொன்னார்கள். தாம் உறங்கவில்லை. யாரேனும் தேடி வருகிறார்களா என்று சுற்றிலும் பார்த்து நின்றார்கள்.

அதே நிழலைத் தேடி ஓர் இடையர் ஆடுகளோடு வந்தார். அவரிடம் பால் கறந்து தருமாறு கேட்டார்கள். ஆட்டின் மடியில் ஒட்டியிருந்த மண்ணையும் முடியையும் முதலில் தட்டிவிடச் சொன்னார்கள். நபியவர்களுக்காகவே தாம் கொண்டு வந்திருந்த தோல் பாத்திரத்திலிருந்து தண்ணீரை எடுத்து, பாத்திரத்தின் அடிப்பாகம் குளிரும்வரை பாலில் ஊற்றினார்கள். உறங்குபவரை எழுப்ப மனமில்லை. நபியவர்கள் தாமாகக் கண் விழித்தபோது அதை நீட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அருந்தினார்கள்; அபூபக்ர் (ரலி) அவர்களின் மனம் நிறைந்தது. சூரியன் சாய்ந்த பிறகே இருவரும் புறப்பட்டார்கள்.

சகோதரர்களே! சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். தாகம் இருவருக்கும் இருந்தது. இரவெல்லாம் விழித்த களைப்பும் இருவருக்கும் இருந்தது. நிழலோ சிறிது. அந்த நிழல் நண்பருக்குப் போனது, காவல் தமக்கு வந்தது. பால் அருந்தியவர் ஒருவர், மகிழ்ந்தவர் மற்றவர். நட்புக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேறென்ன இருக்க முடியும்?

பயணத்தின் முடிவிலும் இதுவே நடந்தது. மதீனாவாசிகள் நாள்தோறும் காலையில் ஊருக்கு வெளியே வந்து காத்திருந்து, வெயில் தாங்காமல் வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள். இருவரும் குபா வந்து சேர்ந்தபோது, நபியவர்களை முன்பு கண்டிராத அன்ஸாரிகளில் சிலர் அபூபக்ர் (ரலி) அவர்களையே நபி என்றெண்ணி ஸலாம் கூறினர். வெயில் நபி (ஸல்) அவர்கள் மீது பட்டது. உடனே அபூபக்ர் (ரலி) எழுந்து தம் மேலாடையால் நிழல் கொடுத்தார்கள். அதைக் கண்ட பிறகே, நிழலில் இருப்பவர்தாம் அல்லாஹ்வின் தூதர் என்பதை மக்கள் அறிந்துகொண்டார்கள் (புகாரி).

புறப்படும் முன்

இந்தப் பயணம் திடீரென்று கிளம்பிய பயணமல்ல. அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்கள் தழை கொடுத்து வளர்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். பாலைவனத்துக்கு ஒட்டகத்தைத் தயார் செய்வது போலத்தான் நம் காலத்தில் வண்டியைத் தயார் செய்வது. பழைய வண்டியில் நண்பனை ஏற்றுகிறவர், அவனுடைய உயிரை அமானிதமாக ஏற்கிறார். தேய்ந்த டயரும், காற்றுக் குறைந்த டயரும் கோடைச் சாலையில் சூடேறி வெடிக்கக் கூடியவை. பிரேக்கையும் டயரையும் ரேடியேட்டர் தண்ணீரையும் முந்தைய நாளே மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். வழியில் என்ஜின் கொதித்துவிட்டால், அது ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பீறிடும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும். கூரை கழற்றிய பழைய வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேல் காப்பு எதுவும் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தவக்குல் என்பது இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகு வருவது.

இரண்டாவது, கணக்கு. அந்த இரு ஒட்டகங்களில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுமாறு அபூபக்ர் (ரலி) வேண்டியபோது, விலைக்குத்தான் பெறுவேன் என்று நபி (ஸல்) அவர்கள் உறுதியாகக் கூறிவிட்டார்கள். உயிர் நண்பர்களுக்கிடையிலேயே இந்த ஒழுங்கு இருந்தது. இன்றோ வண்டி ஒருவனுடையது, பெட்ரோலும் அவனே, சாப்பாட்டுச் செலவும் அவன் தலையில்தான். ஊர் திரும்பிய பிறகு மனக்கசப்பு, பிறகு பேச்சுவார்த்தை இல்லை. செலவைப் பகிர்ந்துகொள்வது நட்பைக் குறைக்காது, காப்பாற்றும்.

மூன்றாவது, வழி தெரிந்தவர். பாலை வழிகளில் தேர்ந்த ஒருவரை அவர்கள் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அன்று முஸ்லிமாக இருக்கவில்லை. ஆனால் நம்பிக்கைக்குரியவர், தொழில் அறிந்தவர். அவர் கடலோர வழியாக அழைத்துச் சென்றார். மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்பதற்காக ஸ்டியரிங்கைப் பிடிப்பது வீரமல்ல. தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே சுன்னத்தின் பாடம்.

வெயிலோடு போட்டி வேண்டாம்

உச்சிவெயிலில் அவர்கள் நின்றார்கள், சூரியன் சாய்ந்த பின் சென்றார்கள் என்பதைக் கவனியுங்கள். எதிரிகள் தேடிக்கொண்டிருந்த நிலையிலும் ஓய்வு எடுத்தார்கள். நம்மைத் துரத்துபவர் எவருமில்லை. ஆனாலும் நண்பகலில் நிற்காமல் ஓட்டுகிறோம்.

திறந்த வண்டியில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடலிலிருந்து நீர் வெளியேறுவதே தெரியாது. தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை எச்சரிக்கைகள். நண்பனின் பேச்சு குழறினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது உயிருக்கே ஆபத்து. உடனே நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிறிவிட்டு, 108-ஐ அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பயணம் ஒன்றில் ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடி நிழல் கொடுத்துக் கொண்டிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டு விசாரித்தார்கள். அவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. பயணத்தில் இப்படி நோன்பு நோற்பது புண்ணியத்தில் சேராது என்று தெளிவுபடுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). வணக்கத்திலேயே உடலை வதைக்க அனுமதிக்காத மார்க்கம், உல்லாசத்துக்காக வதைக்க அனுமதிக்குமா?

இரவில் இளைப்பாற இறங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அது பிராணிகள் நடமாடும் வழி என்று காரணமும் கூறினார்கள் (முஸ்லிம்). இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் வண்டியை நிறுத்திவிட்டு உறங்குபவர்கள் இந்த ஒரு நபிமொழியைக் கடைப்பிடித்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சும்!

தொழுகையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்

ஒரு பயணத்தில் முஅத்தின் ளுஹருக்கு பாங்கு சொல்ல முற்பட்டபோது, வெப்பம் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தாமதப்படுத்தினார்கள். சிறு மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும்வரை தாமதித்தார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). தாமதித்தார்கள், ஆனால் தொழுதார்கள். இதுதான் கவனிக்க வேண்டியது.

பயணிக்கு மார்க்கம் எவ்வளவு இலகுவாக்கியுள்ளது! நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் செல்லும் எண்ணத்தோடு ஊர் எல்லையைக் கடந்தால் சுருக்கித் தொழுவது வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரப் பயணத்தில் சுருக்குவது சலுகை. ளுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. உங்கள் பயணத்துக்குரிய சட்டத்தைப் புறப்படும் முன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு சலுகைக்குப் பிறகும் தொழாமல் திரும்பி வருவதற்கு என்ன காரணம் சொல்வோம்?

இன்னொன்றையும் உள்ளன்போடு கேட்கிறேன். ஹிஜ்ரி 9-இல் தபூக்கிற்குப் படை புறப்பட்டபோது கடும் வெயில். இந்த வெயிலில் போகாதீர்கள் என்று நயவஞ்சகர்கள் கூறினார்கள். நரகின் நெருப்பு இதைவிடக் கடுமையானது என்று அல்லாஹ் பதிலளித்தான் (9:81). வெயில் அதிகம் என்று சொல்லி இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு ளுஹருக்கு வராத கால்கள், அதே வெயிலில் நானூறு கிலோமீட்டர் செல்வது எப்படி?

யாரோடு செல்கிறீர்கள்?

பெற்றோர்களே! மகன் எங்கே போகிறான் என்று கேட்கிறீர்கள். யாரோடு போகிறான் என்பதை அதைவிட முதலில் கேளுங்கள். இன்னவனை நண்பனாக்கிக் கொள்ளாமல் இருந்திருக்கக் கூடாதா என்று மறுமையில் மனிதன் கைசேதப்படுவதை அல்குர்ஆன் எடுத்துரைக்கிறது (25:28). உற்ற நண்பர்கள் அந்நாளில் ஒருவருக்கொருவர் பகைவராவார்கள். இறையச்சமுடையோர் மட்டுமே விதிவிலக்கு (43:67). வேகத்தைக் கூட்டு என்று கத்துபவன் நண்பனா? ‘மெதுவாகப் போ, உன் தாய் காத்திருக்கிறாள்’ என்று சொல்பவன் நண்பனா? தொழுகை நேரம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்பவன் கிடைத்தால் அவனை இழந்துவிடாதீர்கள்.

இளைஞர்களே! அத்தகைய நண்பன் கிடைக்க வேண்டும் என்று விரும்பினால், முதலில் நீங்கள் அத்தகைய நண்பனாகுங்கள். வாகனத்தில் ஏறும்போது, அதை வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் நாம் என்பதை நினைவுகூருங்கள் (43:13,14). தண்ணீர் பாட்டிலை முதலில் நண்பனிடம் நீட்டுங்கள். நிழலான இருக்கையை அவனுக்குக் கொடுங்கள். அவனுக்குக் களைப்பு என்றால் வண்டியை நிறுத்துங்கள். பார்க்க நினைத்த இடம் அடுத்த கோடையிலும் அங்கேயே இருக்கும். நண்பன் இருக்க வேண்டும்.

மறுமை நாளில் சூரியன் நெருக்கமாகக் கொண்டுவரப்படும். அல்லாஹ்வின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லாத அந்நாளில் நிழல் பெறும் ஏழு வகையினரில், அல்லாஹ்வுக்காகவே நேசித்து, அதற்காகவே கூடி, அதன் மீதே பிரிந்த இரு நண்பர்களும் இருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இங்கே ஒருவருக்கொருவர் நிழலாக இருந்தவர்களை அங்கே அவன் தன் நிழலில் சேர்த்துக்கொள்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக! நல்ல நண்பர்களை அவர்களுக்கு வழங்கி, நலமாக வீடு சேர்ப்பானாக! அர்ஷின் நிழலில் நம் அனைவரையும் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.