சாம்பல் நிறக் கம்பிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே வழக்கமாகப் படித்தவர்களே பேசுவார்கள். நானோ ஏணியும் குறடும் கையுமாகத் திரிந்தவன். ஆயினும், வயரிங் பழகிய இளைஞர் இருவர் இங்கிலாந்து செல்ல ஆயத்தமாகின்றனர் என்றும், அங்கே மின்தொழிலாளருக்கு வைக்கும் செய்கைப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றும் காரியதரிசி கேட்டபோது மறுக்க முடியவில்லை. அந்தப் பரீட்சையில் ஒரு தடவை தவறியவன் நான். ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி உண்டு.

பரீட்சையின் பெயர் ஏ.எம். 2. பேனாவும் தாளும் அதிலே சிறு பங்குதான். ஒரு சிறு அறை போன்ற தடுப்புக்குள்ளே உங்களை விட்டு, விளக்கு, சொக்கற், மும்முனை இணைப்பு எல்லாவற்றையும் பூட்டச் சொல்வார்கள். பின்னர் சோதித்து எழுதச் சொல்வார்கள். பிழை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். விளக்கும் சொக்கற்றும் நம்மவருக்குப் புதியன அல்ல. நம்மவர் தடுமாறும் இடம் வீட்டைச் சூடாக்கும் கட்டுப்பாட்டு வயரிங். பங்குனி வெயிலில் விசிறியைத் தேடுகிற நமக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணமே எப்படி வரும்?

பெரியோர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அங்கே பல வீடுகளில் வாயுவில் எரியும் பொயிலர் ஒன்று இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்க, ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய்களில் சுற்றவைக்கும். தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று அறைகளிலுள்ள ரேடியேற்றர்களுக்கு. மற்றது குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கும் பெரிய சிலிண்டருக்கு. ஒவ்வொரு வழியிலும் மோட்டாரால் திறக்கும் வால்வு ஒன்று உண்டு. அறைச் சுவரிலே ஒரு தெர்மோஸ்டாட், சிலிண்டரின் உடம்பிலே இன்னொன்று. எந்நேரம் எது வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் மணிக்கூட்டுப் பெட்டியைப் புரோகிராமர் என்பர். இவ்வளவு உறுப்பின் கம்பிகளும் ஓர் இணைப்புப் பெட்டியில் வந்து கூடும். இந்த அமைப்புக்கு எஸ்-பிளான் என்று பெயர். இரண்டு வால்வுக்குப் பதிலாக மூன்று வாய் கொண்ட ஒரே வால்வு இருந்தால் அது வை-பிளான்.

இனி அந்த வால்வைக் கவனியுங்கள். அதிலிருந்து ஐந்து கம்பிகள் வரும். பச்சை மஞ்சள் புவிக் கம்பி. நீலம் நியூற்றல். கபிலம் மோட்டாருக்கு. மீதி சாம்பலும் செம்மஞ்சளும். அவை வால்வுக்குள்ளே இருக்கும் ஒரு சிறு ஆளியின் இரண்டு முனைகள். அறை குளிர்கிறது என்று தெர்மோஸ்டாட் அறிவித்ததும் கபிலக் கம்பியில் மின் வந்து மோட்டார் சுழலும், வால்வு திறக்கும், திறந்து முடிந்த பின்னரே அந்தச் சிறு ஆளி மூடும். அப்போதுதான் சாம்பலில் காத்துக்கொண்டிருக்கும் மின் செம்மஞ்சளுக்குத் தாவி, பொயிலரையும் பம்பையும் ஓடவைக்கும். வழி திறக்குமுன் பம்ப் ஓடக்கூடாது, பொயிலர் எரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதை முதலில் யோசித்தவனை நான் மனத்துக்குள் பலமுறை கும்பிட்டிருக்கிறேன்.

நிற்க. நான் இதை இப்படி விளங்கிப் படித்தேனா என்றால், இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாடமாக்கிய பழக்கத்தில், இணைப்புப் பெட்டியின் ஒன்று முதல் பத்து வரையான இலக்கங்களையும், இன்ன நிறம் இன்ன இலக்கம் என்பதையும் பாடமாக்கினேன். இரவு வேலை முடிந்து வரும் பஸ்ஸிலே கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பேன். அதிலும் நான் பாடமாக்கிய படம் வை-பிளானின் படம்!

நம்மூரவர் ஒருவர், எனக்கு மூத்தவர், தம் வீட்டுக் கராஜிலே ஒரு பலகையில் எனக்குப் பயிற்சி தந்தார். பழைய வீடுகளில் கழற்றி எறிந்த வால்வுகளும் தெர்மோஸ்டாட்டுகளும் அதில் இருந்தன. பொயிலருக்குப் பதில் ஒரு பல்ப், பம்புக்குப் பதில் இன்னொரு பல்ப். அன்று எஸ்-பிளான் பூட்டச் சொன்னார். அரை மணியில் பூட்டி, அறைச் சூட்டுக்கு மட்டும் புரோகிராமரைத் திருப்பினேன். வால்வு முனகித் திறந்தது. இரண்டு பல்பும் எரிந்தன. என் முகமும் எரிந்தது. “சரி, இனிச் சுடுதண்ணியையும் போடும்” என்றார். போட்டேன். இரண்டாவது வால்வும் திறந்தது. ஆனால் பல்புகள் இரண்டும் அணைந்துவிட்டன.

மேலும் கீழும் பார்த்தேன். ஒரு கம்பியும் கழன்றிருக்கவில்லை. அண்ணை பிழை எதுவென்று சொல்லவில்லை. “தம்பி, இந்தச் சாம்பல் கம்பிக்குக் கரண்ட் எங்கையிருந்து வருகுது? எப்ப வருகுது? அதை மட்டும் சொல்லும்” என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. வை-பிளானில் சாம்பல் நிறக் கம்பி, ‘சுடுதண்ணீர் வேண்டாம்’ என்ற செய்தியைக் கொண்டுவரும் கம்பி. புரோகிராமரில் சுடுதண்ணீரை நிறுத்தியிருக்கும்போதோ, சிலிண்டர்த் தெர்மோஸ்டாட் போதும் என்று சொல்லும்போதோதான் அதில் மின் வரும். எஸ்-பிளானிலோ அதில் எந்நேரமும் மின் இருக்க வேண்டும். நான் பாடமாக்கியபடி இரண்டு வால்வின் சாம்பல் கம்பிகளையும் சுடுதண்ணீர் நிறுத்தும் முனையிலே கொடுத்திருந்தேன். சுடுதண்ணீரைக் கேட்ட கணமே அந்த முனை செத்துப் போயிற்று. பொயிலரும் செத்துப் போயிற்று. ஒரே நிறம், இரண்டு படம், இரண்டு தொழில்.

அன்றிலிருந்து படத்தை மூடிவைத்தேன். வெறுந்தாளில் ஒவ்வொரு கம்பிக்கும் அண்ணையின் அந்த இரண்டு கேள்விகளையும் எழுதி விடை எழுதினேன். விடை எழுத முடிந்த கம்பியைத்தான் பூட்டினேன். இலக்கம் மாறிய பெட்டி வந்தாலும் அதன்பின் பயமில்லை.

நிறத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. நம்மவர் உயிரோடு சம்பந்தப்பட்டது. நான் இங்கே தொழில் பழகிய காலத்தில் சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு நியூற்றல். மும்முனையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பழகினோம். இங்கிலாந்திலும் பழைய வழக்கம் அதுவே. 2004ஆம் ஆண்டில் அங்கே நிறங்களை மாற்றத் தொடங்கினார்கள். 2006க்குப் பிறகு புதிய வேலை எல்லாம் புது நிறத்தில். இப்போது நீலம் நியூற்றல். கறுப்பு உயிர்க் கம்பிகளில் ஒன்று. நாம் பழகியதற்கு நேர் எதிர்! பழைய வீடு ஒன்றில் இரண்டு காலத்துக் கம்பியும் ஒரே பெட்டிக்குள் கிடக்கும். அதோடு, தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் கேபிளில் நீலமோ கறுப்போ சாம்பலோ உயிர்க் கம்பியாக வேலை செய்ய நேர்ந்தால் அதன் இரு நுனியிலும் கபில நிற உறை போடவேண்டும். சின்ன வேலை என்று விட்டுவிடுவோம், பரீட்சகர் விடமாட்டார்.

இனி நான் தவறிய கதை. சூடாக்கும் வயரிங்கில் அல்ல. அதைச் சரியாகவே பூட்டினேன். மின்னைத் துண்டித்து, துண்டித்ததை நிரூபிக்கும் பகுதியிலே தவறினேன். நம்மூரில் சட்டைப்பையில் டெஸ்டர் வைத்திருப்போமே, சிவப்பாக ஒளிரும் ஸ்குறூ டிரைவர், அதை அங்கே நம்பிக்கைக்குரிய கருவியாக ஒப்புக்கொள்வதில்லை. வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாது. சிலவேளை பக்கத்துக் கம்பியின் தூண்டலாலும் ஒளிரும். அதற்கான மின்னோட்டம் போவதோ நம் உடம்பு வழியே. இரு முனையுள்ள சோதனைக் கருவியை முதலில் மின் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு ஆளியைப் பூட்டி, திறப்பைத் தன் பையில் போட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டு, உயிர்க் கம்பிக்கும் நியூற்றலுக்கும், உயிர்க் கம்பிக்கும் புவிக்கும், நியூற்றலுக்கும் புவிக்கும் இடையே சோதிக்க வேண்டும். கடைசியில் கருவியை மீண்டும் மின் உள்ள இடத்தில் காட்ட வேண்டும். சோதனைக்கு நடுவிலே கருவியே செத்திருக்கலாம் அல்லவா? இந்தக் கடைசிப் படியை நான் விட்டேன். பதினைந்து வருஷத் தொழில் அனுபவம் என்று நான் மார்தட்டியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று. கட்டிய பணம் போயிற்று. நல்ல சம்பள வேலை மாதக்கணக்கில் தள்ளிப் போயிற்று. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசுக்கு யாரிடமோ கைநீட்டினேன். பரீட்சகர் மீது கோபம் இருந்தது. ஆனால் அந்தச் சாம்பல் கம்பியை நினைத்தபோது கோபம் அடங்கிற்று. சுவரிலே புரோகிராமரை நிறுத்திவிட்டால் வால்வும் செத்தது என்றுதான் யாரும் நினைப்பான். சாம்பலிலோ 230 வோல்ற் அசையாமல் நிற்கும்! இங்கே நம் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே 230தான்.

இரண்டாம் முறை சித்தியடைந்தேன். அதை நீட்டத் தேவையில்லை.

செல்லவிருக்கும் தம்பிமாருக்குச் சில சில்லறைக் குறிப்புகள். சூடாக்கும் அமைப்பு முழுவதும் ஒரே இடத்தில் துண்டிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கே 3 அம்பியர் உருகி. 13 அம்பியர் உருகியை மாற்றாமல் விட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. சிலிண்டர் அருகே சாதாரண வயர் ஆகாது, சூடு தாங்கும் வயர் வேண்டும். சிலிண்டர்த் தெர்மோஸ்டாட்டை 60 பாகையில் வையுங்கள். தண்ணீர் அதற்குக் குறைந்த சூட்டில் தேங்கிக் கிடந்தால் லெஜியனெல்லா என்ற கிருமி வளரலாம். முறுக்காணியை இறுக்கியபின் ஒவ்வொரு கம்பியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்று கவலைப்படுவோருக்கு ஒரு சொல்: விதிகள் பி.எஸ். 7671 என்ற நூலில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று விரல் பழகினாலே பாதிப் பயம் போய்விடும்.

என் பெட்டிக்குள் உடுப்போடு பழைய வால்வு ஒன்றையும் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறேன். விமான நிலையத்தில் அதைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியும் வந்தது. மண்டபத்தின் பின்பக்க மேசையில் அதையும் இரண்டு பல்புகளையும் பூட்டி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தம்பிமார் வாருங்கள். சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டரை மட்டும் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.