கை ஓய்ந்த காலத்துக்கு என்ன வழி?



சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெற ஒரு தேதி உண்டு. நம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போடுகிறவருக்கும், திண்ணையில் பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் அது எப்போது? கை ஓடுகிற வரைக்கும் வேலை. கை ஓய்ந்த பிறகு? இந்தக் கேள்வி பலருக்கு ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒரு அம்மா தலைவலி, தூக்கமில்லை என்று துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தோம், கோளாறு ஒன்றுமில்லை. பேச்சுக் கொடுத்ததும், "இன்னும் பத்து வருசம் போனா யாரு கஞ்சி ஊத்துவா? அவியகிட்ட கேட்டா சத்தம் போடுதாவ" என்று அழுதார். கணவரை விசாரித்தால், அவரும் அதையே நினைத்து விழித்துக் கிடக்கிறார்! பயம் அவருக்குக் கோபமாக வெளிவந்திருக்கிறது. சிலருக்குச் சாராயமாகவும் வரும்.

ஆகவே முதல் மருந்து பேச்சுதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு இருவரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். வட்டிக்கடன் எவ்வளவு, அடகில் என்ன இருக்கிறது, குழுவில் சேமிப்பு எவ்வளவு, எல்லாம் எழுதுங்கள். பழைய கணக்கைக் கிளறிச் சண்டை போட அன்றைக்கு வேண்டாம். "நாலு ஆம்பளப் புள்ள இருந்தா ஒருத்தனாவது பாப்பான்" என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். நாலு பேரை வளர்க்க வாங்கிய கடனை அடைத்தே முதுமைக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பீடி சுற்றும் தாய்மார்களே, பி.எப். பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கடைசியில் அலைச்சல்தான்.

18 முதல் 40 வயதுக்குள் இருந்து, வருமான வரி கட்டாதவரானால், 2015-ல் தொடங்கிய அடல் பென்ஷன் திட்டத்தில் பாங்கு மூலம் சேரலாம். 60 வயதில் மாதம் 1000 ரூபாய் பென்ஷன் பெற, 25 வயதில் சேர்ந்தவர் மாதம் 76 ரூபாய் கட்டுகிறார்; 35 வயதில் சேர்ந்தவர் 181 ரூபாய். கட்டியவர் காலமானால் அதே பென்ஷன் கணவனுக்கோ மனைவிக்கோ வரும். அன்றைக்கு அந்த 1000 ரூபாய் பெரிய தொகையாக இராது, உண்மைதான். அதனால் இருவரும் தனித்தனியே சேருங்கள். முடிந்தால் கூடுதல் தொகைக்குக் கட்டுங்கள். 5000 வரை உண்டு.

வயது கடந்து, ஆதரவும் இல்லாதவர்கள் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். 2023 ஆகஸ்டில் அது 1200 ரூபாயாக உயர்ந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால், 14416 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அல்லது நம் நிலையத்துக்கு வாருங்கள். இருவருமாக வந்தால் எங்களுக்கும் பேச வசதி.