இரண்டு மணி நேரம் கடையை மூட முடியாதா?



கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் இரவோடிரவாகக் கணக்குப் பார்க்கிறோம். வீட்டில் கர்ப்பிணி மனைவியின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் நமக்குத் தெரிகிறதா? கர்ப்பகாலச் சர்க்கரை நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் வருவது. குழந்தை மிதமிஞ்சிப் பருக்கிறது, பிரசவம் சிக்கலாகிறது, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்கிறது.

பல நாடுகளில் 24 முதல் 28 வாரத்திற்குள்தான் இதற்குச் சோதனை. அதற்கு வெகு முன்பே, ஸ்கேன் படத்தைக் கொண்டு ஆபத்தைக் கணிக்க முடியுமா என்று இன்று ஆராய்கிறார்கள். நோய் வந்தவர், வராதவர் இருசாராரின் படங்களையும் கணினிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். தாயின் வயிற்றுக் கொழுப்பின் தடிமனையும், நஞ்சுக்கொடிப் படத்தில் மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத நுண்ணிய வேறுபாடுகளையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. இதுவே செயற்கை நுண்ணறிவு.

நல்ல முயற்சி, வரவேற்போம். ஆனால் கேள்வியும் கேட்போம். வேறு நாட்டுப் பெண்களின் படங்களில் பழகிய கணினி நம் பெண்களுக்குப் பொருந்துமா? நம் நாட்டில் ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருகிறதே! விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுப்பினத்தவருக்கு அளவைக் கூட்டிக் காட்டியதை 2020இல் அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தவில்லையா? நம் வீட்டுப் பெண்ணின் படம் யார் கையில் இருக்கும்? இதே ஸ்கேன் கருவியைப் பெண் சிசுவுக்கு எமனாக்கியதால்தானே 1994இல் சட்டம் போட நேர்ந்தது?

கணினி சொல்வது ஊகம். தீர்ப்புச் சொல்வது இரத்தப் பரிசோதனை. அது இன்றே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தொடங்க வேண்டும். முதல் வருகையிலேயே ஒரு முறை, 24 முதல் 28 வாரத்திற்குள் மறு முறை என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல்.

ஒரு தம்பியிடம், "மனைவியைச் சோதனைக்கு அழைத்துப் போனீர்களா?" என்றேன். "கடையை யார் பார்ப்பது, ஹஜ்ரத்? உம்மா கூட்டிப் போவாங்க" என்றார். உம்மாவுக்கோ மூட்டுவலி. யாருமே போகவில்லை!

பிரசவத்தோடும் முடிவதில்லை. இந்நோய் வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து ஏறத்தாழ 7 மடங்கு என்கிறது 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு. ஆகவே, பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் சோதனை அவசியம்.

புதிய கருவி வரும்போது வரட்டும். கணினி எவ்வளவு முன்கூட்டிச் சொன்னாலும், கூட்டிப் போக ஆள் இல்லாவிட்டால் என்ன பயன்? சோதனைக்கு 2 மணி நேரம். அந்த நேரம் கடையை மூடினால் குடியா முழுகிவிடும்? சிந்தியுங்கள்!