பாம்பன் பாலமும் 46 நாட்களும்

(தில்லியில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் இன்று மெட்ரோ ரயிலில் வந்திருப்பீர்கள். அந்த ரயிலைத் தில்லிக்குத் தந்த பொதுத்துறை நிறுவனத்திற்கு 2011 இறுதி வரை தலைமை வகித்தவர் பொறியாளர் இ. ஸ்ரீதரன். நாடு அவரை அறிவதற்கு வெகுகாலம் முன்பே அவரது உழைப்பின் பயனை இராமேஸ்வரம் துய்த்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலும் பொங்கிய கடலும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைகளுக்குள் மறைந்தது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் தூண்கள் பெரும்பாலும் நிலைத்தன. கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதியும் தப்பியது. ஆனால் தண்டவாளத்தைத் தாங்கிய இரும்புக் கர்டர்களில் மிகப்பல கடலில் வீழ்ந்தன. தீவை நிலத்தோடு இணைக்க வேறு பாலம் அன்று கிடையாது.

சீரமைப்புக்கு ரயில்வே வகுத்த காலக்கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். களப் பொறுப்பு 32 வயது ஸ்ரீதரனிடம் வந்தது. பாலக்காட்டுச் சிற்றூரில் பிறந்து காக்கிநாடாவில் பொறியியல் பயின்றவர் அவர். புதிய கர்டர்களை நாட்டின் பல மூலைகளிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை. அப்போதுதான் பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கும் செய்தி மீனவர் வழியே எட்டியது. அதைப் புறந்தள்ளாமல் செவிமடுத்ததே அந்த இளைஞரின் பெருமை என்பேன். கர்டர்களைத் தூக்கி மீண்டும் தூண்களில் பொருத்தினார்கள். 46 நாட்களில் பணி முடிந்தது. ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்நிகழ்வைக் கூறும் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ‘கர்டர்கள் மீட்கப்பட்டன’ என்ற செயப்பாட்டுவினையில் என் பேனா நின்றுவிடும். யாரால் மீட்கப்பட்டன? வினைமுதலைத் தேடினால் ஒரே ஒரு பெயர்தான் அகப்படுகிறது. கடலடியை அறிந்து சொன்னவரும் இரும்பைத் தூக்கிப் பொருத்திய தொழிலாளரும் வாக்கியத்திற்கு வெளியே நிற்கிறார்கள். ஸ்ரீதரனின் பெயரை அழிக்க வேண்டுமென நான் கோரவில்லை. பிற்காலத்தில் அவர் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்து 2021இல் பாலக்காட்டில் போட்டியிட்டுத் தோற்றார். அந்த அரசியலோடு நமக்கு உடன்பாடில்லை. அதற்காக அந்த 46 நாட்களைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988இல்தான். அதுவரை இருபதாண்டுகளுக்கும் மேலாக அத்தீவின் ஒரே தரைவழி அந்த ரயில்பாதை. யாத்திரிகர் வந்ததும், அரிசி வந்ததும், மீன் வெளியூர் போனதும் அதன் வழியே. இன்றைய இராமேஸ்வரம் நகரம் வளர்ந்தது அந்தக் கர்டர்களின் மேல்தான்.

தனுஷ்கோடியின் கதை வேறு. தலைமன்னாருக்குக் கப்பலேற மக்கள் ரயிலில் வந்திறங்கிய ஊர் அது. சுங்க அலுவலகமும் அஞ்சல் நிலையமும் அங்கு இருந்தன. புயலுக்குப் பின் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. அவ்வூருக்கான பாதை மீண்டும் போடப்படவில்லை. எந்த ஊருக்கு ரயில், எந்த ஊருக்கு இல்லை என்று முடிவு செய்தவர் அந்தப் பொறியாளர் அல்லர். இடிந்த நிலையத்தின் சுவர்களைப் பயணிகள் இன்று படமெடுக்கிறார்கள். ‘தகுதியற்ற’ அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன.