மழைக்காலத்துக்கு ஒரு வெல்லப் பூசணி வறுவல்

(நமது சங்கத்தின் ஐப்பசி மாத மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் வைப்புத்தொகைக்கு நியமனதாரர் பெயர் கொடுப்பது பற்றிப் பேசினேன். பின் வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. அதனால் இந்த முறை சமையல். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு பார்த்தவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் மதியப் பொரியல் என் பொறுப்பு. அங்கேயும் கணக்குதான்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே இலையுதிர் காலம் வந்தால் வீடெல்லாம் மஞ்சள் பூசணியும் சர்க்கரைவள்ளியும்தான். நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து. அதில் பட்டை, ஜாதிக்காய், சர்க்கரை எல்லாம் போட்டு ஓவனில் சுட்ட கிழங்கு ஒரு தொட்டுக்கொள்ளும் பதார்த்தம். நமக்கு இலை உதிரும் காலம் கிடையாது. பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். சென்னைக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. நம் ஊரில் அந்தப் பதார்த்தத்துக்குப் பொருத்தமான நேரம் இந்த இரண்டு மாதம்தான்.

ஏன் இந்தக் காய்? அடைமழையில் தக்காளி விலை ஏறும், கீரை அழுகி வரும், பீன்ஸ் வாங்கிய மறுநாளே கொழகொழக்கும். வெட்டாத மஞ்சள் பூசணியோ காற்றோட்டமான, ஈரமில்லாத மூலையில் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் மணலி, மணலி புதுநகர், எண்ணூர் பக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம், கரண்ட் இல்லாதது ஒரு பக்கம். ஃபிரிட்ஜில் இருந்ததை எல்லாம் கொட்டிய வீடுகள் எத்தனை! அந்த வாரம் எங்களுக்குக் கை கொடுத்தது கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு பூசணியும் இரண்டு கிலோ கிழங்கும். அதனால் ஐப்பசி பிறந்ததும் அரிசி, மெழுகுவர்த்தி, பேட்டரி வாங்கும்போது ஒரு முழுப் பூசணியும் வாங்கிவிடுகிறேன்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. நம் கட்டடத்திலேயே சிவகங்கைக்காரர் இதைப் பரங்கிக்காய் என்கிறார், கோயம்புத்தூர்க்காரர் அரசாணிக்காய் என்கிறார். நாம் சென்னையில் மஞ்சள் பூசணி என்கிறோம். ஆயுத பூஜைக்குத் திருஷ்டி சுற்றி உடைப்பது வெள்ளைப் பூசணி, அது வேறு காய். பரங்கி என்ற பெயரிலேயே வரலாறு இருக்கிறது. பரங்கியர் கொண்டுவந்த காய். சர்க்கரைவள்ளியும் அப்படித்தான். இரண்டுக்கும் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். இன்று அவை இல்லாமல் பொங்கல் குழம்பே இல்லை!

வாங்கும்போது கனமாக இருக்கிறதா, காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் நகம் தோலில் இறங்கினால் இளசு, அது சேமிப்புக்கு ஆகாது. பாரிமுனைக் கிளையில் இருந்தபோது சாயங்காலம் கொத்தவால்சாவடிக்குள் நுழைந்து வருவேன். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போகும் முன். அங்கே ஒரு பெரியவர் காயைத் தட்டிக்கூடப் பார்க்கமாட்டார், காம்பை மட்டும் பார்ப்பார். கீற்றாக வெட்டி விற்பதை வாங்கினால் நடுவில் இருக்கும் நாரையும் விதையையும் வீட்டுக்கு வந்ததும் வழித்து எடுத்துவிடுங்கள். அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இப்போது வறுவல். நான்கு பேருக்கு அரைக் கிலோ பூசணி. தோலும் விதையும் போக நானூறு கிராம் நிற்கும். ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பொடிக்கு ஒரு தேக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி மிளகு, மூன்று வரமிளகாய், விரல் நுனி அளவு பட்டை, ஒரே ஒரு கிராம்பு. வெறும் வாணலியில் சின்னத் தீயில் வறுத்து, ஆறவைத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். பட்டையும் கிராம்பும் இதற்கு மேல் போனால் பிரியாணி வாசம் வந்துவிடும்.

இரும்புத் தோசைக்கல் அல்லது அகலமான இரும்புச் சட்டி நன்றாகக் காயட்டும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்துத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்தால் காய் விடும் தண்ணீரிலேயே அது வெந்துபோகும், வறுபடாது. இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள். மூடி வேண்டாம். நான்கு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். நம் வீடுகளில் பொரியல் குழைவதற்குப் பாதிக் காரணம் அந்த ஓயாத கிளறல்தான், இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போடுங்கள். மொத்தம் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். உப்பை முதலிலேயே போட்டால் காயிலிருந்து தண்ணீர் இறங்கும். அதனால் துண்டுகள் சிவந்த பிறகு உப்பும், இரண்டு தேக்கரண்டி பொடியும். கடைசியில் இருபது கிராம் வெல்லத்தை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றி இரண்டே நிமிடம் புரட்டுங்கள். வெல்லத்தை முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும். இறக்கிவிட்டு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு இல்லாமல் இந்த இனிப்பு நிற்காது.

ஓவன் வைத்திருப்பவர்கள் எண்ணெய் புரட்டி 200 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வெல்லப்பாகு தடவலாம். 1500 வாட் ஓவன் சூடேறும் நேரத்தோடு சேர்த்து நாற்பது நிமிடம் ஓடினால் அதிகபட்சம் ஒரு யூனிட். இலவச யூனிட் எல்லைக்குள் இருக்கப் பார்ப்பவர்கள் தோசைக்கல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மோர்க்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் இது அருமையாகச் சேரும். "பொரியலில் வெல்லமா?" என்று முகம் சுளித்தவர்கள் இன்றும் மூன்று பேர். எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா மட்டும் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் பூசணிக் கூரையே வெல்லம் போட்டுத்தான் செய்வார்களாம்.

இனி முக்கியமான கணக்கு. இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. என் வீட்டம்மாவுக்குப் பதினான்கு வருடமாக. சர்க்கரை என்று சொன்னதும் அவர்கள் முதலில் நிறுத்தியது பூசணியை, கிழங்கை, வாழைக்காயை. சோற்றை மட்டும் ஒரு கரண்டிகூடக் குறைக்கவில்லை! பேரேட்டில் சின்னப் பற்றை அடித்துவிட்டுப் பெரிய பற்றை விட்டுவைத்த மாதிரி. பாருங்கள்: நூறு கிராம் பூசணியில் மாவுச்சத்து ஆறு, ஏழு கிராம். ஆளுக்கு வரும் வெல்லம் ஐந்து கிராம். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு கிராமுக்குள். நூறு கிராம் சோற்றில் மட்டும் ஏறக்குறைய இருபத்தெட்டு. வெல்லத்தை விட்டுவிட்டாலும் பதார்த்தம் கெடாது, நன்றாகச் சிவந்த பூசணிக்கே இனிப்பு உண்டு.

சர்க்கரைவள்ளி வேறு கதை. அதில் நூறு கிராமுக்கு இருபது கிராம் மாவுச்சத்து. அதைப் பொரியல் பக்கம் எழுதக்கூடாது, சோற்றுப் பக்கம் எழுதவேண்டும். கிழங்கு சாப்பிடும் அன்றைக்குச் சோறு குறையவேண்டும். இன்னொன்று, கிழங்குக்குள் இருக்கும் நொதி மிதமான சூட்டில் மாவை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். மெதுவாகச் சுடச்சுட இனிப்பு கூடுவது அதனால்தான். தெருவில் கரியில் சுட்ட கிழங்கு தேனாக இருக்கும், மைக்ரோவேவில் ஐந்து நிமிடத்தில் வெந்தது சப்பென்று இருக்கும். நாக்குக்கு சுட்டது நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அவித்தது நல்லது, சுட்டதைவிட ரத்தத்தில் மெதுவாக ஏறும். அவித்து ஆறவைத்து, வெல்லம் இல்லாமல், அதே பொடியில் லேசாகப் புரட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உங்கள் குளுக்கோமீட்டரில் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். என் கணக்கை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

எண்ணெயே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சொல். மஞ்சள் நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின்தான் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. கொஞ்சமாவது கொழுப்பு இருந்தால்தான் அது உடம்பில் சேரும். கண்புரை அறுவை முடிந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, நல்லெண்ணெயை முழுசாகத் தள்ளாதீர்கள்.

சீவிய தோலை எறியவேண்டாம். எண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, தேங்காய் வைத்துத் துவையல் அரைக்கலாம். விதையைக் கழுவி உலர்த்தி வறுத்தால் பேரன் பேத்திகளுக்குக் கொறிக்க ஆகும்.

கடைசியாக ஒன்று. முழுப் பூசணி நான்கு கிலோ இருக்கும். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் அதை வெட்டினால் ஒரு வாரம் அதையே சாப்பிடவேண்டும். அதற்குப் பயந்துதான் பலரும் வாங்குவதில்லை. ஒரு மாடியில் நான்கு வீடு. ஒரு வீட்டில் வெட்டும் அன்றைக்கு மற்ற மூன்று வீட்டுக்கும் கீற்று போகட்டும், அடுத்த காய் அடுத்த வீட்டுச் செலவு. எங்கள் மாடியில் புரட்டாசியிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. யார் முறை என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி, மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மற்ற மாடிக்காரர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.