தென்காசியில் ஒரு பகல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவில் வட்டத்தின் பெருமைகளைப் பேசுவார் பலர் உளர். நான் என் குறை ஒன்றைப் பேச விரும்புகிறேன்.

மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புகள் பல்லாண்டுகளாக நடந்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். அவ்வாறு கடல் கடந்து வந்து மதுரையில் தமிழ் பயிலும் மாணவி ஒருவர், நண்பர் வாயிலாக அறிமுகமாகிச் சுரண்டையில் என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாள். "தென்காசியைப் பார்க்க வேண்டும், ஐயா" என்றார். குற்றாலத்து அருவியைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது வியப்பாக இருந்தது.

காலைப் பேருந்தில் புறப்பட்டோம். வழியில் சுந்தரபாண்டியபுரம் வந்தது. பெயரைக் கேட்டதும், "மதுரையை இழந்த பாண்டியர்கள் இந்தப் பக்கம்தானே வந்தார்கள்? நானும் மதுரையிலிருந்துதான் வருகிறேன்" என்று சிரித்தார். அவர் கையில் வெற்றிவேற்கை இருந்தது. அதை இயற்றிய அதிவீரராம பாண்டியர் 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்டவர். நைடதமும் காசிக் காண்டமும் தந்தவர். "அவர் நினைவாக ஊரில் எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை. வெற்றிவேற்கையை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். அதைப் பாடியவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்பதை ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

காசி விசுவநாதர் கோயிலை அடைந்தோம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எடுப்பித்த கோயில் அது. ஒன்பது நிலைக் கோபுரத்தின் வாயிலில் வீசும் காற்றை அவர் சற்று நின்று அனுபவித்தார். பிறகு உள்ளே சென்று கல்வெட்டுகளைத் தேடத் தொடங்கினார். அக்கோயிலில் பராக்கிரம பாண்டியர் பெயரால் அமைந்த பாடல் ஒன்று கல்லில் உண்டு. அதன் பொருளைப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன், கல்லில் வாசித்ததில்லை. "பழைய எழுத்து, அம்மா, புள்ளி இராது, குறில் நெடில் தெரியாது" என்று நான் நழுவப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. "இது கட்டளைக் கலித்துறை, ஐயா. நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு எழுத்து. ஒற்றை எண்ணக் கூடாது. பதினாறுக்கு மேல் வந்தால், மிகுந்தவை புள்ளி பெற வேண்டிய எழுத்துகள்தாமே? நான்கு அடிக்கும் ஒரே எதுகை, அது குறிலா நெடிலா என்பதை அடுத்த அடி சொல்லிவிடும்" என்றார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தார். தடுமாறிய இடங்களில் நான் சீர் பிரித்துக் கொடுத்தேன். அரை மணிக்கு மேல் ஆயிற்று. பாட்டு முழுமையாய் வந்தது.

அன்பர்களே, யாப்பிலக்கணத்தை நான் இத்தனை ஆண்டுகள் பாட்டு எழுதுவதற்கான கருவி என்றே கற்பித்து வந்தேன். அது பாட்டைக் காப்பதற்கான பூட்டும் ஆகும் என்பதை அன்றுதான் கண்டேன். புள்ளி இல்லாத கல்லிலும் பாட்டு சிதையாமல் நின்றதற்குக் காரணம் அந்த எழுத்துக் கணக்கே.

அப்பாட்டின் பொருள் யாது? இக்கோயிலுக்கு நேரக் கூடாத ஒரு குறை பின்னாளில் நேருமாயின், அப்போது வந்து அதைச் சீர் செய்து காப்பவர் எவராயினும், உலகறிய அவரைப் பணிகிறேன் என்கிறார் மன்னர். மதுரையை இழந்த மரபில் வந்தவர் அல்லவா? எழுந்தது விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே பிறவாத ஒருவரை முன்கூட்டியே வணங்கிவிட்டார். அவர் அஞ்சியது போலவே கோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றதை நம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கிறோம். 1990-இல் ஒன்பது நிலையும் மீண்டும் எழுந்து குடமுழுக்கு நடந்தது. ஐந்து நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த வணக்கத்தைக் கொத்தர்களும் சிற்பிகளும் பொருள் ஈந்தவர்களும் பெற்றுக்கொண்டார்கள்.

கல்லுக்கு நேர்ந்த குறை தீர்ந்தது. பாட்டுக்கு நேர்ந்த குறையோ படிப்பார் இல்லாமை. அதைத் தீர்க்க ஒரு பகல் மட்டும் கிடைத்த அயல்நாட்டு மாணவி வந்தார். அரை மணிப் பேருந்துத் தொலைவில் வாழ்நாளெல்லாம் இருந்த நான் போகவில்லை.

மாலையில் பேருந்து நிலையத்தில் விடைபெறும்போது, "இங்கே இருக்கும் மற்றப் பாட்டுகளை நீங்கள் படித்து எனக்கு எழுதுங்கள், ஐயா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை நிறைவேற்ற எனக்குத் துணை வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 2019-இல் தென்காசி மாவட்டத் தலைநகரும் ஆகிவிட்டது. பதினோராம் ஆண்டில் நம் மாதக் கூட்டங்களுள் சிலவற்றையேனும் அங்கே நடத்துவோம். ஒவ்வொருவரும் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு வருவோம். ஒரு கூட்டத்திற்கு ஒரு பாட்டு போதும். எழுத்தெண்ணிப் படிப்போம். நம் கவிதையை அடுத்த தலைமுறை படிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், நமக்கு முன் பாடியவர்க்கு அந்தக் கடனை முதலில் செலுத்துவோம்.